முட்டை ஏன் மிதக்கவில்லை? வாசகர் கேள்விகளும் விடைகளும்

இந்த முறை வடசென்னைப் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டோம். பாதிக்கு மேல், "புத்தகத்தில் போட்டிருப்பதைச் செய்தேன், வரவில்லை" என்ற வகை. செய்து பார்த்தவர்கள்தான் இப்படிக் கேட்க முடியும், அதனால் இவற்றைப் படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது. விடைகளில் அளவுகளைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லியிருக்கிறோம். பல பேருக்கு இடறியது அங்கேதான்.

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று படித்தோம். கடற்கரைக்குப் போய் ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வந்து முட்டையைப் போட்டேன். மூழ்கிவிட்டது. கடல் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தானே?
7-ஆம் வகுப்பு மாணவி, திருவொற்றியூர்

நீ பார்த்தது சரி. நல்ல முட்டை கடல் தண்ணீரில் மூழ்கத்தான் செய்யும். "உப்புத் தண்ணீர்" என்று சொல்லி நிறுத்திவிட்டால் போதாது, எவ்வளவு உப்பு என்றும் சொல்ல வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். புதிய கோழி முட்டையின் அடர்த்தி ஒரு மி.லி.க்கு 1.08 முதல் 1.09 கிராம். குழாய்த் தண்ணீர் 1.00. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் இருக்கின்றன, அதன் அடர்த்தி 1.02-லிருந்து 1.025-க்குள் வரும். முட்டை அதைவிடக் கனம். 55 கிராம் முட்டையின் கன அளவு சுமார் 51 மி.லி. அது விலக்கும் கடல் தண்ணீரின் எடை 52 கிராம். ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி முட்டையை மேலே தள்ளும் மிதப்பு விசை அந்த 52 கிராமின் எடைக்குச் சமம். மீதி 3 கிராம் எடைதான் முட்டையைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. பாட்டிலை லேசாக ஆட்டிப் பார், முட்டை தரையில் உட்கார்ந்தும் உட்காராமலும் தத்தளிக்கும்.

இப்போது மிதக்க வைப்போம். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் அரை லிட்டர் குழாய்த் தண்ணீர் எடுத்துக்கொள். சமையலறைத் தராசில் 10 கிராம், 10 கிராமாகத் தூளுப்பு நிறுத்துப் போடு. ஒவ்வொரு தடவையும் முழுக்கக் கரையும்வரை கலக்கிவிட்டு முட்டையை இறக்கு. 60 கிராமுக்கும் 70 கிராமுக்கும் நடுவில் முட்டை தரையை விட்டு எழும்பும். அதற்கு மேல் போடப் போட, தண்ணீருக்கு வெளியே தெரியும் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். கல்லுப்பு என்றால் ஈரம் கலந்திருக்கும், கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், கரையவும் நேரமாகும். அடியில் கரையாமல் கிடக்கும் உப்பு கணக்கில் சேராது என்பதை மறக்காதே. பலருக்கு இங்கேதான் தவறுகிறது.

முட்டை பழசாக இருந்தால் கணக்கே மாறிவிடும். ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேறி, அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். கடைக்காரர்கள் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதக்கும் முட்டையை ஒதுக்குவது இதனால்தான்.

கடல் தண்ணீரிலேயே மிதக்க வைக்க வேண்டுமா? ஒரு லிட்டரை வடிகட்டி, வீட்டில் பெரியவர் ஒருவர் அடுப்பில் வைத்துக் கால் லிட்டருக்குச் சற்று மேல் வரும்வரை சுண்டவைக்கட்டும். நன்றாக ஆறிய பிறகு போட்டால் மிதக்கும். சுண்டும்போது அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படியும். அதைச் சாப்பாட்டு உப்பு என்று நினைத்துவிடாதே. முதலில் பிரிவது கால்சியம் கார்பனேட், அடுத்து ஜிப்சம். நம் உப்பு பிரிய, கடல் தண்ணீர் பத்தில் ஒரு பங்காக வற்ற வேண்டும். எண்ணூர்க் கழிமுகப் பக்கத்து உப்பளங்களில் ஒரே பாத்தியில் முடிக்காமல், பாத்தி மாற்றி மாற்றித் தண்ணீரை நடத்திக்கொண்டு போவது இந்த வரிசைக்காகத்தான். ஜிப்சம் முந்தின பாத்தியில் தங்கிவிடும், உப்பு கடைசிப் பாத்தியில் விளையும்.

வெள்ளைச் சட்டையில் சாம்பார் பட்டது. சோப்பு போட்டால் கறை சிவப்பாகிறது, அலசினால் மறுபடி மஞ்சள். சோப்பில் ஏதாவது சாயம் கலக்கிறார்களா?
ஒரு தாய், வண்ணாரப்பேட்டை

சோப்பில் சாயம் எதுவும் இல்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் ஒரு நிறங்காட்டி, காரம் பட்டால் நிறம் மாறும். அமில, கார அளவைச் சொல்லும் பி.எச். 7.4 வரை மஞ்சளாக இருக்கும், 8.6 தாண்டினால் செம்பழுப்பு. துணி சோப்பு காரம், பி.எச். 9, 10 என்று இருக்கும். அலசும்போது காரம் போய்விடுகிறது, நிறம் திரும்பிவிடுகிறது. ஆரத்தித் தட்டிலும் இதே வேலைதான் நடக்கிறது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் குங்குமச் சிவப்பாகிறது இல்லையா? மிச்சமிருக்கும் ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சாறு விழுந்த இடத்திலிருந்து மஞ்சள் படர்ந்து வருவது அத்தனை அழகு.

இதையே தாளாகச் செய்து வைத்துக்கொள்ளலாம். ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளை 50 மி.லி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கி, பத்து நிமிடம் விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். அருகில் அடுப்போ ஊதுபத்தியோ இருக்கக் கூடாது, ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். வடிதாளை அதில் நனைத்து நிழலில் உலர்த்தி, விரல் அகலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளுத்துவிடும். கறை போகவும் அதுதான் வழி. சோப்பு போட்டு அலசிய சட்டையை உச்சி வெயிலில் காயப் போடுங்கள், குர்குமின் ஒளியில் சிதைந்துவிடும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் தாளால் அமிலத்தையும் நடுநிலைக் கரைசலையும் பிரித்துக் காட்ட முடியாது, இரண்டிலும் மஞ்சளாகவே நிற்கும். அமிலத்தைக் கண்டுபிடிக்கச் செம்பருத்திப் பூச் சாறு நல்லது. அமிலத்தில் அடர் சிவப்பு, காரத்தில் பச்சை.

குல்பி செய்பவர்கள் ஐஸில் உப்பு போடுகிறார்கள். அப்போது இன்னும் ஜில்லென்று ஆகும் என்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகத்தில் மீனுக்கு வெறும் ஐஸ்தான் போடுகிறார்கள். மீனுக்கும் உப்பு போடலாமே?
9-ஆம் வகுப்பு மாணவன், காசிமேடு

முதலில் உப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். தண்ணீர் உறைவது 0 டிகிரி செல்சியஸில். உப்பு கரைந்த தண்ணீர் உறைய அதைவிடக் கீழே போக வேண்டும். ஐஸின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் உண்டு. உப்பு அதில் கரைந்ததும், 0 டிகிரியில் ஐஸ் ஐஸாக நீடிக்க முடியாது, உருகியே ஆக வேண்டும். உருக வெப்பம் வேண்டும், ஒரு கிராமுக்கு 334 ஜூல். அதுதான் உருகுதலின் உள்ளுறை வெப்பம். வெளியிலிருந்து அவ்வளவு வேகத்தில் வெப்பம் வராததால், ஐஸும் உப்பு நீரும் தங்களிடமிருந்தே எடுத்துக்கொள்கின்றன. வெப்பநிலை சரிகிறது. எடையில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்றால் மைனஸ் 21 டிகிரி வரை போகலாம். அதற்குக் கீழே சாதா உப்பால் போக முடியாது.

வீட்டில் செய்ய, 300 கிராம் ஐஸைத் துணியில் சுற்றிக் குழவியால் நொறுக்கு. 100 கிராம் தூளுப்பை அடுக்கடுக்காகத் தூவி, எவர்சில்வர் டம்ளரில் கலக்கு. ஐந்து நிமிடத்தில் டம்ளருக்கு வெளியே வேர்த்த தண்ணீர் வெள்ளை வெளேரென்று உறைபனியாகும். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இங்கே அது கெட்டியாகவே படியும். ஐஸ் கட்டி கட்டியாக இருந்தாலோ உப்பை மேலே மட்டும் கொட்டினாலோ சில டிகிரிக்கு மேல் இறங்காது. பள்ளி ஆய்வக வெப்பமானியை நம்ப வேண்டாம், அதில் அளவு பெரும்பாலும் மைனஸ் 10 வரைதான் இருக்கும். ஈரக் கையால் டம்ளரைப் பிடிக்காதே. தோல் ஒட்டிக்கொள்ளும், புண்ணாகும்.

இப்போது மீனுக்கு வருவோம். மீன் சதை மைனஸ் 1, மைனஸ் 2 டிகிரியில் உறையத் தொடங்கும். உப்பு கலந்த ஐஸில் புதைத்தால் வெளிப்பக்கம் அரைகுறையாக, மெதுவாக உறையும். மெதுவாக உறையும்போது ஐஸ் படிகங்கள் பெரிதாக வளர்ந்து தசை நார்களைக் கிழித்துவிடும். விற்கும் நேரத்தில் வஞ்சிரம் தண்ணீர் விட்டுத் தொளதொளவென்று கிடக்கும், உப்பும் ஏறியிருக்கும். வெறும் ஐஸ் உருகும் வரைக்கும் 0 டிகிரியிலேயே நிற்கும். மீன் உறையாது, கிருமிகளும் மெதுவாகவே பெருகும். மேலிருந்து உருகி வழியும் தண்ணீர் மீனின் எல்லாப் பக்கத்தையும் தொட்டு வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகும். பெரிய ஐஸ் கட்டியை மெஷினில் போட்டுத் தூளாக்குவதும் இந்தத் தொடு பரப்புக்காகத்தான்.

எவ்வளவு ஐஸ் வேண்டும்? ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 105 கிலோஜூல் எடுக்க வேண்டும். 105-ஐ 0.334-ஆல் வகுத்தால் 315 கிராம் ஐஸ். ஆனால் கையாளுகிறவர்கள் கிலோவுக்குக் கிலோ போடுவார்கள். பெட்டிச் சுவர் வழியாகவும் திறக்கும்போதெல்லாமும் வெளி வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. மீதி ஐஸ் அதைச் சமாளிக்கத்தான்.

வேலூரில் பாட்டி வீட்டு மண்பானைத் தண்ணீர் நன்றாகக் குளிர்கிறது. அதே மாதிரிப் பானை எங்கள் வீட்டில் வைத்தால் அவ்வளவு குளிரவில்லை. பானை மட்டமா?
8-ஆம் வகுப்பு மாணவன், மணலி

பானை மேல் பழி போட வேண்டாம். பானை வேர்த்து, அந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் தண்ணீரிடமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. 10 லிட்டரில் வெறும் 100 மி.லி. ஆவியானாலே சுமார் 240 கிலோஜூல் போய்விடும். மீதித் தண்ணீர் முழுவதும் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிரும். வெளியிலிருந்து வெப்பம் திரும்பி வராவிட்டால் என்று சேர்த்துக்கொள்.

ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகும். 35 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஆவியாதலால் அதிகபட்சம் 22 டிகிரி வரை இறங்கலாம். ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 30 டிகிரியோடு நின்றுவிடும். வேலூர்க் கோடையின் வறண்ட காற்றுக்கும் நம் கடல் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பானையை மூலையிலிருந்து எடுத்து, காற்று ஓடும் ஜன்னல் பக்கம் நிழலில், மணல் மேல் வை. பெயிண்ட் அடித்த பானை என்றால் நுண்துளைகள் அடைபட்டிருக்கும், அது உதவாது.

ஃபேனை ஓடவிட்டு அறையைப் பூட்டிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அறை குளிர்ந்திருக்குமா?
6-ஆம் வகுப்பு மாணவி, பெரம்பூர்

குளிர்ந்திருக்காது. ஃபேன் நம் வேர்வையை ஆவியாக்கித்தான் நம்மைக் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அது எடுக்கும் மின்சாரம் எல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். வெளியே போகும்போது அணைத்துவிடு.

அறிவியல் கண்காட்சிக்கு எலுமிச்சை பேட்டரி செய்தேன். ஒரு பழத்தில் நான்கு ஆணி, நான்கு செம்புக் கம்பி குத்தினேன். எல்.இ.டி. எரியவே இல்லை.
10-ஆம் வகுப்பு மாணவன், வியாசர்பாடி

உன் தவறு முதல் வரியிலேயே இருக்கிறது, ஒரே பழத்தில் நான்கு ஜோடி. பழச் சாறு ஒரே மின்பகு திரவமாக எல்லாவற்றையும் இணைத்துவிடுவதால், நான்கு மின்கலங்களைத் தொடராகச் சேர்த்ததாக ஆகாது. நான்கு பழம் வேண்டும், அல்லது இரண்டு பழத்தைப் பாதியாக வெட்டித் தனித்தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். பழமே இல்லாமல், ஃபிரிட்ஜ் ஐஸ் டிரேயின் குழிகளில் எலுமிச்சைச் சாறு ஊற்றியும் செய்யலாம். எங்களுக்குப் பிடித்தது அதுதான், பிழை கண்டுபிடிப்பது சுலபம்.

ஒரு செம்பு–துத்தநாக ஜோடி சுமார் 0.9 வோல்ட் தரும். சிவப்பு எல்.இ.டி. ஒளிர ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம். அப்படியானால் சிவப்புக்கு இரண்டு பழம் போதுமே என்று தோன்றும். போதாது. பழத்தின் அகமின்தடை ஆயிரக்கணக்கான ஓம். மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் மின்னழுத்தம் பழத்துக்குள்ளேயே விழுந்துவிடும். நான்கு கலம் வை, ஐந்து என்றால் இன்னும் நிம்மதி. டார்ச் பல்பை மட்டும் மாட்டாதே. அதற்கு நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் வேண்டும், எலுமிச்சை தருவது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு.

அடுத்து ஆணி. துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. ஆணியாக இருக்க வேண்டும். சாதா இரும்பு ஆணி பாதி மின்னழுத்தம்தான் தரும். ஜி.ஐ. ஆணியை உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது, முலாம் போய்விடும். செம்புக் கம்பியோ நேர்மாறு. மோட்டார் காயிலில் சுற்றும் கம்பி என்றால் மேலே வார்னிஷ் பூச்சு இருக்கும், பளபளவென்று தெரியும்வரை சுரண்ட வேண்டும். முதல் பழத்தின் ஆணியை இரண்டாவது பழத்தின் செம்போடு இணை, இப்படியே கடைசி வரை. மிஞ்சும் செம்பு முனை எல்.இ.டி.யின் நீளக் காலுக்கு, மிஞ்சும் ஆணி குட்டைக் காலுக்கு. மாற்றி மாட்டினால் ஒளிராது. பழத்தைக் குத்துமுன் மேசையில் அழுத்தி உருட்டு, உள்ளே சாறு கசியும். ஆணியும் கம்பியும் ஒரு விரற்கடை இடைவெளியில், உள்ளே ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். ஒளி மங்கலாகத்தான் இருக்கும், கையைக் குவித்து இருட்டில் பார்.

பார்க்க வருகிறவர்கள் "எலுமிச்சையில் மின்சாரம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல். துத்தநாகம் கரைந்து எலக்ட்ரான்களைத் தருகிறது, ஆற்றல் அதிலிருந்து வருகிறது. செம்பின் மேல் ஹைட்ரஜன் குமிழியாக வெளியேறுகிறது. செம்பு எலக்ட்ரான்களைக் கைமாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தக் குமிழிகள் செம்பை மூடிக்கொண்டால் ஒளி குறையும், கம்பியை ஆட்டிவிட்டால் சரியாகும். முடிந்ததும் பழத்தைக் குப்பையில் போடு, ஜூஸ் பிழியாதே. துத்தநாகம் கரைந்திருக்கும்.

லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறோம். கறை நன்றாகப் போக, கழிப்பறைக்கு வாங்கும் ஆசிட்டையும் சேர்க்கலாமா?
ஒரு தாய், தண்டையார்பேட்டை

கூடவே கூடாது, அம்மா. பிளீச்சிங் பவுடரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கணமே குளோரின் வாயு வெளிவரும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான வாயு அது. தொட்டிக்குள் இறங்கிக் குனிந்து தேய்ப்பவரின் மூக்கருகே அப்படியே தேங்கி நிற்கும், நுரையீரலைப் புண்ணாக்கும், உயிரையும் எடுக்கும். ஒன்றைப் போட்டுக் கழுவிய உடனே மற்றதைப் போடுவதும் ஆபத்துதான். தவறிக் கலந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்காமல் முதலில் வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். தொட்டியின் வெள்ளைக் கறை சுண்ணாம்புப் படிவு என்றால், வினிகர் மட்டும் தடவி அரை மணி ஊறவிட்டுத் தேய்த்தாலே போகும். நிறையத் தண்ணீர் விட்டு அலசி, வேறொரு நாளில் பிளீச்சிங் பவுடர் போடுங்கள்.

ராத்திரி ரயில் பாதையில் ஒரு சட்டியிலிருந்து கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடு உருகிய இரும்பு கொட்டி தண்டவாளத்தை ஒட்டுகிறார்கள். கரண்டும் இல்லை, காஸ் அடுப்பும் இல்லை. எது உருக்குகிறது? ஒட்டிவிட்டால் வெயிலில் நீள இடம் வேண்டாமா?
10-ஆம் வகுப்பு மாணவி, கொருக்குப்பேட்டை

நீங்கள் பார்த்தது தெர்மைட் வெல்டிங். சட்டிக்குள் இரும்பு ஆக்ஸைடும் அலுமினியத் தூளும் இருக்கும். அலுமினியம் இரும்பைவிட வினைத்திறன் மிக்கது, இரும்பிடமிருந்து ஆக்ஸிஜனைப் பறித்துக்கொள்ளும். இரும்பு ஆக்ஸைடு 160 கிராமுக்கு அலுமினியம் 54 கிராம் என்பது சமன்பாடு தரும் விகிதம். கிடைப்பது இரும்பு 112 கிராம், அலுமினியம் ஆக்ஸைடு 102 கிராம். கூட்டிப் பாருங்கள், இரு பக்கமும் 214. நிறை மாறா விதி கண்ணெதிரே நிற்கிறது. வினையில் வெளிப்படும் 850 கிலோஜூலுக்குச் சற்று மேலான வெப்பம் கலவையை 2,000 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறது, இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரியே போதும். கனமான இரும்பு அடியில் இறங்கி அச்சுக்குள் பாய்கிறது, லேசான அலுமினியம் ஆக்ஸைடு கசடாக மேலே மிதக்கிறது. அச்சும் தண்டவாள முனையும் ஈரமாக இருந்தால் நீராவி வெடித்து இரும்பு தெறிக்கும். அதனால்தான் முன்னதாகவே தீப்பிழம்பால் சூடாக்கிக்கொள்வார்கள். நீங்கள் பார்க்காமல் விட்ட காஸ் பர்னர் அந்த வேலைக்குத்தான். பள்ளியிலோ வீட்டிலோ இதை முயலவே கூடாது. தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது, ஆக்ஸிஜன் கலவைக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது கேள்வி அருமை. 13 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் 6 மி.மீ. நீளும், பழைய பாதைகளில் அதற்காகத்தான் முனைக்கு முனை இடைவெளி விட்டார்கள். ஒரு கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட அரை மீட்டர். ஒட்டிய பாதையில் அந்த நீட்சியை நடக்கவே விடுவதில்லை. கான்கிரீட் கட்டைகளும் கவ்விகளும் ஜல்லியும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன, நீள முடியாத தண்டவாளத்துக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் உச்சி வெயிலிலும் மிதமிஞ்சிப் போகாதபடி, அந்த வட்டாரத்தின் வெயிலையும் குளிரையும் கணக்கிட்டு ஒரு நடு வெப்பநிலையில்தான் தண்டவாளத்தைப் பூட்டுவார்கள். இருபுறமும் ஜல்லி குறைந்துபோனால் கோடையில் பாதை பாம்பு போல நெளிந்துவிடும். வெயில் காலத்தில் பாதையை நடந்தே பார்த்து வருபவர்கள் உற்றுப் பார்ப்பது அந்த நெளிவைத்தான்.